ஊசியும் அது புகும் இடமும்

வன்னிக் கிராமங்களிலே ஒரு தாதியைப் பற்றி நல்ல சொல் சொல்ல வேண்டுமானால், "அவவின்ர கை நல்ல கை" என்று மக்கள் கூறுவர். வலி தெரியாமல் ஊசி போடுபவருக்குக் கைராசி உண்டென்பது அவர்தம் நம்பிக்கை. நம்பிக்கையைப் பழிப்பதற்கில்லை. ஆயினும், கைராசி எனப்படுவதைச் சற்றே பிரித்துப் பார்த்தால் அதனுள்ளே அதிர்ஷ்டம் ஒன்றும் இல்லை என்பது புலனாகும். தகுந்த ஊசியைத் தெரிந்தெடுத்தல், தகுந்த இடத்தைக் குறித்தல், தகுந்த ஆழத்துக்குச் செலுத்துதல் என்னும் மூன்று அறிவுகளே கைராசி என்னும் பெயரோடு உலவுகின்றன. இம்மூன்றும் கற்றுக்கொள்ளத்தக்கவை. கல்லாதவிடத்து வரும் தீங்கோ சில வேளைகளில் ஆயுள் முழுவதும் நீங்காதது.

தோலைத் துளைத்து மருந்தை உள்ளே செலுத்தும் கருவி 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே உருப்பெற்றது. 1853ஆம் ஆண்டளவில் ஸ்கொத்லாந்திலே அலெக்சாந்தர் வூட் என்பவரும், பிரான்சிலே சார்லஸ் பிரவாஸ் என்பவரும் தனித்தனியே அதனைக் கையாண்டனர். அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாக, 1847இல், யாழ்ப்பாணம் வந்து சேர்ந்திருந்தார் அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஷ் கிறீன். அவர் மானிப்பாயிலே மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்து, உடற்கூற்று நூல்களையும் தமிழாக்கினார். எலும்பையும் தசையையும் நரம்பையும் தமிழ்ப் பெயர் சொல்லிக் கற்கலாம் என்பதை வட இலங்கை அக்காலத்திலேயே கண்டுகொண்டது. பின்னர் நெடுங்காலம் கண்ணாடிச் சிறிஞ்சையும் உருக்கு ஊசியையும் நீரிற் கொதிக்கவைத்து, முனை மழுங்கினாற் கல்லிலே தீட்டி, மீண்டும் மீண்டும் பயன்படுத்தினர். இன்று ஓர் ஊசி ஒருவருக்கு ஒரு முறையே. கொதிநீர்ச் சட்டியும் தீட்டுகல்லும் வைத்தியசாலையை விட்டு நீங்கிவிட்டன. தெரிந்தெடுக்கும் பொறுப்பு மட்டும் தாதியின் கையை விட்டு நீங்கவில்லை.

தெரிவின் முதற்படி ஆழம் பற்றியது. இரணைமடுவின் கீழும் முத்தையன்கட்டின் கீழும் பயிர் செய்யும் கமக்காரன் எல்லா விதைகளையும் ஒரே ஆழத்தில் இடுவதில்லை. எள்ளை மேலாகத் தூவுகிறான். கச்சானைச் சற்றுத் தாழ ஊன்றுகிறான். தென்னம்பிள்ளைக்குக் குழி தோண்டுகிறான். மருந்தும் அத்தகையதே. உடலின் மேற்புறத்தே தோல். அதன் கீழே கொழுப்புப் படை. அதற்கும் கீழே தசை. இவற்றினூடே குருதியைச் சுமந்தோடும் நாளங்கள். தோலிலும் கொழுப்பிலும் குருதியோட்டம் குறைவு. ஆதலின் அங்கு இட்ட மருந்து மெல்ல மெல்லவே உடலிற் சேரும். தசையிலே குருதியோட்டம் மிகுதி. ஆதலின் அங்கு இட்டது விரைந்து சேரும். நாளத்திலே செலுத்தியதோ கணப்பொழுதிற் பரவும். தோலினுள்ளே செலுத்துவதற்கு ஊசியைத் தோலோடு ஏறக்குறையப் படுக்கவைத்து, 5 முதல் 15 பாகை வரையான சரிவிற் செலுத்துவர். தோலடிக் கொழுப்புக்கு 45 பாகைச் சரிவு. ஊசி மிகக் குட்டையாயின் நேராகவும் செலுத்தலாம். தசைக்கு 90 பாகை, அஃதாவது செங்குத்து.

இரண்டாம் படி ஊசியின் பருமன். ஊசிகள் கேஜ் என்னும் இலக்கத்தால் அறியப்படுகின்றன. இவ்விலக்கம் புதிதாகக் கற்போரை மயக்குவது. பொதுவாக இலக்கம் கூடினால் பொருள் பெரிதாகும் என்று எண்ணுவோம். இங்கே இலக்கம் கூடக்கூட ஊசி மெலிகின்றது. கம்பி இழுப்போர் பண்டைக்காலத்திற் கையாண்ட அளவுமுறை ஊசிக்கும் வந்து சேர்ந்ததே இதற்குக் காரணம். 18 கேஜ் ஊசியின் புறவிட்டம் 1.2 மில்லிமீற்றர், 21 கேஜ் 0.8, 23 கேஜ் 0.6, 25 கேஜ் 0.5. அவசரத்தில் இலக்கத்தை வாசித்துக்கொண்டிருக்க இயலாது என்பதற்காக அடிப்பகுதிக்கு நிறமும் வகுத்துள்ளனர்: 18க்கு இளஞ்சிவப்பு, 21க்குப் பச்சை, 23க்கு நீலம், 25க்குச் செம்மஞ்சள். ஆனால் நாளத்திற் பொருத்திவைக்கும் கனுலாவின் நிறவரிசை வேறு. பச்சைக் கனுலா 18 கேஜ். பச்சை ஊசியோ 21 கேஜ். நிறத்தை மட்டும் மனனஞ் செய்தவர் இங்கே தடுமாறுவர். இலக்கத்தையும் சேர்த்துக் கற்றவர் தடுமாறார்.

பருமனை மருந்து தீர்மானிக்கின்றது. நீளத்தை நோயாளியின் உடல் தீர்மானிக்கின்றது. இந்த ஒரு விதியை நினைவில் வைத்தாற் பாதி வேலை முடிந்தது. நீர்போன்ற மருந்து மெல்லிய ஊசியால் எளிதிற் செல்லும். குழம்புபோன்ற மருந்துக்கு அகன்ற வழி வேண்டும். இதற்குத் தக்க எடுத்துக்காட்டு பென்சதீன் பெனிசிலின். வாதக் காய்ச்சலால் இருதய வால்வு பழுதுற்ற பிள்ளைகளுக்கு இவ்வூசியை மூன்று அல்லது நான்கு கிழமைக்கு ஒரு முறை, ஆண்டுக்கணக்கிற் போடவேண்டியுள்ளது. தடித்து வெண்மையாயிருக்கும் அம்மருந்து மெல்லிய ஊசியில் இடைவழியில் அடைத்துக்கொள்ளும். தாதி ஊசியை இழுத்து மீண்டும் குத்துவார், பிள்ளை அலறும். அடுத்த மாதம் தாய் எத்துணை அழைத்தாலும் அப்பிள்ளை வைத்தியசாலைப் பக்கம் வராது. ஊசி தவறினால் காய்ச்சல் மீளும். காய்ச்சல் மீண்டால் வால்வு மேலும் கெடும். 21 கேஜ் பச்சை ஊசியையோ அதனினும் பருத்ததையோ எடுத்து, மருந்தை நன்கு கலக்கி, தசையின் ஆழத்திலே அவசரமின்றிச் செலுத்தும் தாதி அப்பிள்ளையின் இருதயத்தையே காக்கின்றார் எனலாம்.

நீளத்தைப் பொறுத்தவரை, நடுத்தர உடலுள்ள வளர்ந்தவரின் மேற்புயத்துக்கு 25 மில்லிமீற்றர் ஊசி போதும். பருத்த உடலினர்க்கு 38 மில்லிமீற்றர் வேண்டும்; குட்டை ஊசி அவருடைய கொழுப்பைத் தாண்டாது. மருந்து தசையை அடையாமற் கொழுப்பிலே தங்கினால், பலன் குறைவதோடு, சில மருந்துகள் அங்கே வீக்கத்தையும் கட்டியையும் உண்டாக்கும். மாறாக, மெலிந்து வற்றிய முதியவருக்கு நீண்ட ஊசியைச் செலுத்தினால் அது எலும்பிலே போய் முட்டும். ஆதலின் ஊசியை எடுக்குமுன் விரல்களால் அவ்விடத்தை மெல்லப் பிடித்துப் பார்ப்பது சடங்கன்று, அதுவே அளவுகோல்.

மூன்றாம் படியாகிய இடத்தெரிவிலேதான் பெருந்தீங்குகள் நேர்கின்றன. வன்னி நெடுங்காலம் மலேரியாவின் நிலமாக இருந்தது. காடும் குளமும் செறிந்த இந்நிலத்திலே காய்ச்சலும் கொயினாவும் அறியாத குடும்பம் அரிது. விழுங்க இயலாத நோயாளிக்குக் குயினைன் மருந்தைப் பிட்டத்தில் ஊசியாகப் போடுவது மலேரியா நிலவிய நாடுகளிற் பரவலான வழக்கம். பிட்டத்தின் உள்ளே, இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் சயாட்டிக் நரம்பு ஓடுகின்றது. உடலிலுள்ள நரம்புகளில் மிகப் பெரியது அது. ஊசிமுனையோ காரமான மருந்தோ அந்நரம்பைத் தாக்கினால், பாதத்தை மேலே தூக்கும் வலிமை போய்விடும். காய்ச்சல் தணிந்து எழுந்த குழந்தை, பாதத்தை இழுத்து இழுத்து நடக்கும். நோயைத் தீர்க்க வந்த ஊசி ஊனத்தைத் தந்துவிட்டுப் போகும். இலங்கையில் 1999ஆம் ஆண்டிலே 250,000 பேருக்கு மேல் மலேரியாவால் பீடிக்கப்பட்டனர். உள்நாட்டிலே தொற்றிய கடைசி நோயாளி 2012இற் காணப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. மலேரியா போயிற்று. பிட்டத்து நரம்பு அங்கேயே இருக்கின்றது. வலி மருந்தானாலும் வாந்தி மருந்தானாலும், தவறான இடத்திற் போட்டால் விளைவு ஒன்றே.

இவ்வபாயத்தை நீக்கும் பொருட்டு, 1950களின் நடுவிலே சுவிற்சர்லாந்து நாட்டு வைத்தியர் ஹொக்ஸ்ரெற்றர் வேறோர் இடத்தை எடுத்துக்காட்டினார். அது பிட்டத்தின் பின்புறமன்று, இடுப்பின் பக்கவாட்டு. அங்கே தசை தடிப்பானது, கொழுப்பு குறைவு, பெரிய நரம்பும் பெரிய குருதிக்கலனும் இல்லை. அதைக் கண்டறிய வேறு கருவி வேண்டா, கையே போதும். நோயாளியின் வலப்புற இடுப்பாயின் தாதி தமது இடக்கையை எடுத்துக்கொள்வார். தொடையெலும்பின் மேல்முனை இடுப்பின் பக்கத்தே தடிப்பாகத் தட்டுப்படும். உள்ளங்கையின் அடியை அதன்மேல் வைப்பார். சுட்டுவிரலை இடுப்பெலும்பின் முன்முனையிற் பொருத்தி, நடுவிரலை இடுப்பெலும்பின் விளிம்பு வழியே பின்னோக்கி விரிப்பார். இரு விரல்களுக்கும் இடையே தோன்றும் முக்கோணத்தின் நடுவே ஊசி புகவேண்டிய இடம். பல நாடுகளிலே தாதியர் கல்வி இவ்விடத்தையே முதன்மையாகப் போற்றுகின்றது. பழக்கத்தினாற் பிட்டத்தையே நாடவேண்டி நேரின், அதனை நான்காகப் பகுத்து, மேற்புற வெளிக் காற்பகுதியை அன்றி வேறிடத்தைத் தொடலாகாது. நோயாளி நிற்கையில் ஆடையைச் சற்றே விலக்கிக் கண்மதிப்பாற் குத்துவது எவ்வகையிலும் பொருந்தாது.

மேற்புயம் எளிதில் எட்டும் இடம், வெட்கமும் குறைவு. தோளெலும்பின் முனையிலிருந்து இரண்டு மூன்று விரலகலம் கீழே, தசையின் திரண்ட நடுப்பகுதியே அங்கு உரியது. அதனினும் மேலே குத்தினால் தோள்மூட்டுக்குத் தீங்கு. மிகக் கீழே குத்தினால் புயவெலும்பைச் சுற்றியோடும் நரம்புக்குத் தீங்கு. இத்தசை சிறிது, ஒரு மில்லிலீற்றர் அளவான மருந்துக்கு இடங்கொடுக்கும், பேரளவைத் தாங்காது. கைக்குழந்தைக்கோ மேற்புயத்தசை இன்னும் திரளவில்லை. பிட்டத்தசையும் நடந்து பழகிய பின்னரே திரளும். ஆதலின், 2, 4, 6 மாதங்களிற் போடும் ஐங்கூட்டுத் தடுப்பூசிக்குத் தொடையின் முன்-வெளிப்புறமே உரிய இடம். 23 அல்லது 25 கேஜ் அளவில், 25 மில்லிமீற்றர் நீளமுள்ள ஊசி அதற்குப் பொருந்தும். குழந்தையின் தொடை சிறிதாயிற்றே, நீண்ட ஊசி எதற்கு என்று தாய்மார் அஞ்சுவதுண்டு. தசையைச் சென்றடையும் ஊசியாற் பின்வரும் வீக்கம் குறையும் என்பதை எடுத்துச் சொன்னால் அவ்வச்சம் தணியும். பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. ஊசி மட்டும் இடப்புயத்தின் தோலினுள்ளே, மிக மெல்லிய ஊசியால் இடப்படுகின்றது. தோல் சிறு கொப்புளமாக வெளிறி எழுந்தால் ஊசி உரிய இடத்தில் உள்ளதென்பது தெளிவு.

நாய்க்கடிக்கு இடும் விசர்நோய்த் தடுப்பு மருந்தை ஒருபோதும் பிட்டத்திற் போடலாகாது. அங்குள்ள கொழுப்பு அம்மருந்தின் பலனைக் குன்றச் செய்யும். விசர்நோய் தோன்றியபின் காப்பாற்ற வழியில்லை ஆதலின், இங்கே இடத்தெரிவு உயிர்த்தெரிவே ஆகின்றது. மேற்புயமே உரியது, சிறு குழந்தைக்குத் தொடையின் வெளிப்புறம்.

வன்னியிலே இடத்தெரிவின் அருமையை நன்கு உணர்த்துவது பாம்புக்கடி. வயலிலே நாற்றுநடுவோரையும் இரவிலே தரையிற் படுத்துறங்குவோரையும் பாம்பு தீண்டுதல் இங்கு புதிதன்று. முத்திரைப்புடையன் எனப்படும் கண்ணாடி விரியனின் விஷம் குருதியின் உறையும் தன்மையைக் கெடுத்துவிடும். அத்தகைய ஒருவருக்கு, வழக்கம்போல எண்ணி, ஏற்புவலித் தடுப்பூசியையோ வலி மருந்தையோ தசையிற் போட்டால், ஊசி புகுந்த துளையைச் சுற்றிக் குருதி கசிந்து தேங்கிப் பெருங்கட்டியாகும். ஆதலின் குருதி உறைகின்றதா என்பதை முதலில் அறிதல் வேண்டும். தூய, உலர்ந்த கண்ணாடிக் குழாயிலே சிறிது குருதியை இட்டு, 20 நிமிடம் அசையாது வைத்து, பின் சரித்துப் பார்ப்பர். நீர்போல ஓடினால் குருதி உறையவில்லை. தசையூசிகளை ஒத்திவைக்க வேண்டும். விஷமுறி மருந்து நாளத்தின் வழியே மட்டும் செல்லும். அந்நாளமும் கழுத்திலோ தொடையிடுக்கிலோ அன்றி, அழுத்திக் குருதியை நிறுத்தத்தக்க கையிலேயே தெரிந்தெடுக்கப்படும்.

அவ்விஷமுறி மருந்து குதிரையின் குருதியிலிருந்து எடுக்கப்படுவது. அதனாற் சிலருக்கு உடல் முழுதும் தடித்து, மூச்சடைத்து, குருதியமுக்கம் வீழும் கடும் ஒவ்வாமை எழலாம். இதற்கு மருந்து அட்றினலின். இங்கேதான் ஒரே மருந்து இரு இடங்களில், இரு ஊசிகளால், இரு பயன்களுக்காகப் போடப்படுவதைக் காண்கின்றோம். ஒவ்வாமையை முன்கூட்டியே தடுப்பதற்கு 0.25 மில்லிலீற்றர் அட்றினலினைத் தோலடியிலே மெல்லிய குட்டை ஊசியால் இடுவர். அது மெல்லச் சேர்வதே அங்கு விரும்பத்தக்கது. இலங்கையிலே பாம்பு தீண்டிய 1007 பேரைக்கொண்டு நடத்தி 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வு, இவ்வாறு முன்னதாக இடுவதாற் கடும் ஒவ்வாமை குறைகின்றது என்று நிறுவியது. ஆனால் ஒவ்வாமை தோன்றிவிட்டால் மெல்லச் சேரும் மருந்தாற் பயனில்லை. அப்பொழுது வளர்ந்தவருக்கு 0.5 மில்லிலீற்றர், தொடையின் நடுப்பகுதி வெளிப்புறத் தசையிலே, தாமதமின்றி. குருதி உறையாத நிலையிலும் உயிர்காக்கும் இந்த ஓர் ஊசிக்கு விலக்கு உண்டு. போட்டபின் அவ்விடத்தை நன்கு அழுத்திப் பிடிக்கவேண்டும். 1998இல் கனடாவிலே சிறுவரிடத்து நடத்திய ஆய்வில், தொடைத்தசையில் இட்ட அட்றினலின் 8 நிமிடத்திற் குருதியில் உச்ச அளவை எட்டியது; புயத்தின் தோலடியில் இட்டதற்கு 34 நிமிடம் சென்றது. மூச்சடைத்துத் தவிக்கும் ஒருவருக்கு அந்த 26 நிமிடம் என்ன பொருளுடையது என்பதை விளக்க வேண்டியதில்லை. ஒட்டுசுட்டானிலிருந்தோ துணுக்காயிலிருந்தோ மாவட்ட வைத்தியசாலைக்குச் செல்லும் தொலைவை எண்ணினால், கிராம வைத்தியசாலைத் தாதி இதனை நன்கு அறிந்திருப்பதன் அவசியம் விளங்கும்.

நாள்தோறும் தம் கையாலேயே ஊசி போட்டுக்கொள்வோர் நீரிழிவு நோயாளர். இன்சுலின் கொழுப்புப் படைக்கு உரியது; 4 முதல் 8 மில்லிமீற்றர் நீளமான ஊசி போதும். வயிறு, தொடை, மேற்புயம் என்பன அதற்கு இடங்கள். வயிற்றிலிருந்து இன்சுலின் விரைந்து சேரும்; தொடையிலிருந்து மெல்லச் சேரும். வலிக்கவில்லை என்பதற்காக ஒரே புள்ளியிலே குத்திக்கொண்டிருந்தால் அவ்விடம் தடித்துக் கொழுப்புக் கட்டியாகும். கட்டியில் இட்ட இன்சுலின் ஒருநாள் சேரும், ஒருநாள் சேராது. அதனாற் சர்க்கரை காரணமின்றி ஏறியிறங்கும். ஆகவே ஒவ்வொரு நாளும் முந்திய இடத்திலிருந்து ஒரு விரலகலம் தள்ளிப் போடவேண்டும்.

வன்னிக்கே உரிய இன்னொரு நிலையும் உண்டு. 2009ஆம் ஆண்டு முடிவுற்ற போரிலே கையிழந்தோரும் காலிழந்தோரும், முள்ளந்தண்டில் அடிபட்டு இடுப்பின் கீழ் உணர்விழந்தோரும், உடலிலே எறிகணைச் சிதறல்களைத் தாங்கியோரும் இம்மாவட்டங்களிலே பலர் வாழ்கின்றனர். பாடநூலின் படத்திலே காட்டப்படும் முழு உடல் இவர்களுக்குப் பொருந்தாது. தழும்பேறிய தோலினடியிற் குருதியோட்டம் குறைவு. அங்கு இட்ட மருந்து சரிவரச் சேராது. உணர்வற்ற காலில் ஊசி நரம்பைத் தொட்டாலும் நோயாளி "நோகுது" என்று சொல்லமாட்டார். எச்சரிக்கும் மணி அங்கே ஒலிப்பதில்லை. அவயவம் இழந்து எஞ்சிய முனையோ செயற்கைக் காலைத் தாங்கவேண்டிய இடம். அதில் ஊசிப்புண் உண்டானால் அவர் நடை நின்றுவிடும். ஆதலின் இவர்களிடத்து, "எந்த இடத்திலே போட்டாற் சுகம்?" என்று கேட்டறிதல் கண்ணியமுமாகும், வைத்திய அறிவுமாகும். தம் உடலைத் தாமே பல ஆண்டு சுமந்தவர்கள் அதன் வரைபடத்தையும் அறிவர்.

இடமும் ஊசியும் தெரிந்தபின் எஞ்சுவது செயல். தசை இறுகியிருந்தால் ஊசி நோகும். ஆதலின் நோயாளியைப் படுக்கவோ அமரவோ வைத்து, "ஆச்சி, காலைத் தளர விடுங்கோ" என்று சொல்லி அமைதிப்படுத்துவது மருந்தளக்கும் செயலுக்குச் சமமானது. ஸ்பிரிட் தடவிய இடம் உலர்ந்தபின் குத்தினால் எரிவு குறையும். குத்துவது விரைவாகவும், மருந்தைச் செலுத்துவது மெதுவாகவும் இருத்தல் வேண்டும். பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடி இடுதல் கூடாது. தாதியரின் விரலில் ஊசி தைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஊசியைச் சிறிஞ்சோடு உடனே பாதுகாப்புப் பெட்டியில் இடவேண்டும். பெட்டி முக்காற்பங்கு நிறைந்ததும் அதனை மூடிவிட வேண்டும். ஓர் ஊசியை இருவருக்குப் பயன்படுத்துவதால் ஈரலழற்சியும் எயிட்சும் பரவும் என்பதனாலேயே, ஒருமுறை இயக்கியதும் தானே பூட்டிக்கொள்ளும் சிறிஞ்சுகளையே தடுப்பூசிக்குக் கையாளுமாறு உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 1999இல் அறிக்கை விடுத்தன.

நோயாளருக்கும் இதிலே ஒரு பங்குண்டு. ஊசி போடுமுன், அது எதற்கானது என்றும், எங்கே போடப்படும் என்றும் கேட்பது மரியாதைக் குறைவன்று. முன்பு எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும், குருதி உறையாமைக்கு மருந்து உட்கொள்வதையும் தாமாகவே சொல்லவேண்டும். ஊசி புகுந்த கணத்திலே காலில் மின்னல் பாய்ந்தாற்போல் வலி இறங்கினால் உடனே கூறவேண்டும். தாதியும் உடனே ஊசியை வெளியே எடுத்துவிடல் வேண்டும். விழுங்கத்தக்க மருந்து இருக்கையில், ஊசியாற்றான் நோய் விரைவில் மாறும் என்று வற்புறுத்திக் கேட்பதையும் விட்டுவிட வேண்டும். தேவையற்ற ஊசிக்குத் தகுந்த இடம் உடலில் எங்குமே இல்லை.